உரைக்கு முன்னால் ஒரு பயிலரங்கம்: வேலூர் வட்டாரக் கணிதத் துறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுரை கேட்க வரும் மாணவர், அந்த உரையின் பொருளை ஏற்கெனவே தன் கையால் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வேலூர் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழகக் கணிதத் துறை இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தன் ஆய்வுரைகளையும் மாணவர் பயிலரங்குகளையும் மாற்றி அமைத்தது. அது எப்படி நடந்தது, எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். அந்தப் பயிலரங்கக் குழுவில் நானும் இருக்கிறேன், அதனால் இதை அக்கறையோடுதான் எழுத முடியும். துறையின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை. இதே நிலைமையில் உள்ள துறைகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. படிப்பவர்கள் தங்கள் துறையை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மாணவர்கள் யார், ஊர் எப்படி

1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டானது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆனால் எம்.எஸ்சி. படிக்க வரும் பிள்ளைகளின் பஸ் ரூட் இன்னும் பழைய வட ஆர்க்காட்டின் வரைபடம்தான்: குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, ஆற்காடு, திமிரி, ஆரணி, சோளிங்கர். வகுப்பில் பெரும்பாலோர் பெண்கள். பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அப்பா தோல் தொழிற்சாலையிலோ தறியிலோ இருப்பார், அல்லது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருக்கும். பிளஸ் டூ வரை தமிழ் வழி, அப்புறம் ஆங்கிலப் பாடப்புத்தகம். படிப்பு முடிந்ததும் முதுகலை ஆசிரியர் தேர்வு, நெட், செட், இல்லையென்றால் வங்கித் தேர்வு. ஆய்வு என்பது ஒரு சிலர் மட்டும் யோசிக்கும் விஷயம்.

இந்த ஊருக்கு ஒரு பெரிய வசதி காட்பாடி ஜங்ஷன். சென்னையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். பெங்களூரிலிருந்து வருபவரும் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பலாம். சென்னையில் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கிளை என்று நாட்டின் முக்கியமான கணித நிறுவனங்கள் இரு பக்கமும் இருக்க, நடுவில் இருப்பது வேலூர். நல்ல பேச்சாளர் கிடைப்பது எங்களுக்கு ஒருபோதும் பெரிய பாடாக இருந்ததில்லை. வந்தவர் சொன்னதில் எவ்வளவு மாணவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

முன்பு நடந்த முறை

குளிரூட்டிய கருத்தரங்கக் கூடம். வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை, பேச்சாளரின் தகுதிகளைப் படிக்கும் அறிமுகவுரை. மாநிலப் பாடலுக்கு 55 விநாடி போதும். மற்றவை எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். பேச்சாளர் பிற்பகல் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் வெட்டு விழுவது உரையின் மேல்தான். அவர் ஸ்லைடுகளை வேகமாகத் தள்ளுவார். முதல் மூன்றில் வரையறைகள், நான்காவதில் ஒரு தேற்றம், அதற்கப்புறம் அவருடைய சொந்த ஆய்வு. "ஏதாவது கேள்வி?" என்பார். ஓர் ஆசிரியர் மரியாதைக்கு ஒன்று கேட்பார். நன்றியுரை, தேசிய கீதம், சாப்பாடு, சான்றிதழ்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. தரமதிப்பீட்டுக் குழு வரும்போது காட்ட ஃபைல் வேண்டும், ஃபைலுக்குப் போட்டோ வேண்டும், போட்டோவுக்கு விளக்கு ஏற்ற வேண்டும். ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கருத்தரங்கில் கலந்துகொண்ட சான்றிதழ் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. மாணவர்கள் மட்டும் எந்தக் காரணத்திலும் இல்லை.

மாற்றத்தைத் தொடங்கி வைத்தது ஒரு கருத்துப் படிவம். எல்லாப் படிவங்களிலும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்றே இருக்கும். இரண்டாமாண்டு மாணவி ஒருவர் மட்டும் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: "சார் இங்கிலீஷில் பேசியது எனக்குப் பிரச்சினை இல்லை. இரண்டாவது ஸ்லைடில் இருந்த எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்க்க எனக்கு அரை மணி நேரம் வேண்டும். நான் போட்டு முடித்தபோது நன்றியுரை நடந்துகொண்டிருந்தது."

இதைத் துறைக் கூட்டத்தில் படித்தோம். மாணவிக்கு அறிவு போதாது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கணக்கைப் போட்டு முடித்திருக்கிறார், அதுவும் சரியாக. அந்த அரை மணி நேரத்தை உரைக்கு முன்னால் கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். எங்கள் சீர்திருத்தம் முழுவதும் அந்தக் கேள்விதான்.

பிரிவினைப் பயிலரங்கு

முதல் முயற்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் எண்களின் பிரிவினை. டிசம்பர் 22, இராமானுஜன் பிறந்த நாள். 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. வழக்கமாக அன்று அவர் வாழ்க்கை பற்றி ஒரு சொற்பொழிவு இருக்கும், டாக்ஸி எண் 1729 வரும், கைதட்டல் வரும். இந்த முறை அவருடைய கணக்கையே மாணவர் கையில் கொடுப்பது என்று முடிவாயிற்று. உரைக்கு முந்தைய வாரம் ஒரு முழுநாள் பயிலரங்கு. பக்கத்துக் கல்லூரிகளின் பி.எஸ்சி. மூன்றாமாண்டுப் பிள்ளைகளையும் அழைத்தோம்.

காலையில் எந்த முன்னுரையும் இல்லை. ஒரு தாளைக் கொடுத்து, 4 என்ற எண்ணை எத்தனை வகையாகக் கூட்டி எழுதலாம் என்று கேட்டோம். 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து வகை. 5க்கு ஏழு. 6க்குப் பதினொன்று. 7க்கு வந்தபோது சண்டை தொடங்கியது. ஒரு மேசையில் 14, இன்னொன்றில் 16. எது விட்டுப்போயிற்று, எது இரண்டு முறை வந்தது என்று ஒருவர் தாளை ஒருவர் வாங்கிச் சரிபார்த்தார்கள். விடை 15. அதுவரை ஒருவரையொருவர் தெரியாத இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் பேசத் தொடங்கியது அந்தச் சண்டையில்தான்.

10க்கு 42 வகை. அதை எழுதி முடித்தவர்கள் சிலரே. இப்படியே போனால் முடியாது, ஏதாவது வழி வேண்டும் என்று அவர்களே சொல்லும் வரை காத்திருந்தோம். இந்தக் காத்திருப்புக்கு ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும், எல்லோருக்கும் அது உடனே வரவில்லை. எங்கள் ஆய்வு மாணவி ஒருவர்தான் இதை நன்றாகச் செய்தார். கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடைப் பயிற்சியில் அவர் படித்தவர். அங்கே ஆசிரியர் விடை சொல்லமாட்டார், கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தப் பழக்கத்தை அவர் எங்கள் துறைக்குக் கொண்டுவந்தார். வழி வேண்டும் என்று கேட்ட பிறகு, பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட விதியைக் கரும்பலகையில் எழுதினார். n-இன் பிரிவினை எண்ணிக்கை வேண்டுமா? 1, 2 இடம் முன்னால் உள்ளவற்றைக் கூட்டு. 5, 7 இடம் முன்னால் உள்ளவற்றைக் கழி. 12, 15 இடம் முன்னால் உள்ளவற்றைக் கூட்டு. இப்படி மாறி மாறிப் போ. 9க்குப் போட்டுப் பார்த்தார்கள்: 22 + 15 − 5 − 2 = 30. எழுதிச் சரிபார்த்தும் 30. விதி ஏன் சரி என்ற நிரூபணத்தை அன்று எடுக்கவில்லை. அது தனியாக ஒரு நாள் வேலை.

மதியத்துக்கு மேல் 0 முதல் 29 வரை அட்டவணை போட வேண்டும். இதற்கான தாளை எப்படி அச்சடிப்பது என்பதில் முதல் நாள் இரவு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். வரிசைக்கு ஐந்து கட்டமாகத் தாள் கொடுத்தால் கடைசிப் பத்தியில் 5, 30, 135, 490, 1575, 4565 என்று நிற்கும். எல்லாமே 5ஆல் வகுபடும். ஆனால் ஐந்து கட்டம் போட்டுக் கொடுப்பதே பாதி விடையைச் சொல்வது ஆகாதா என்று ஒரு ஆய்வு மாணவர் பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது நியாயம். கடைசியில் மூன்று வகைத் தாள் அடித்தோம்: சில மேசைகளுக்கு ஐந்து கட்டம், சிலவற்றுக்கு ஆறு, சிலவற்றுக்கு ஏழு. எந்த மேசைக்கு எது என்று சொல்லவில்லை.

ஐந்து கட்ட மேசைகள் முதலில் கத்தின. கொஞ்ச நேரத்தில் ஏழு கட்ட மேசைகளும் கண்டுபிடித்துவிட்டன: 7, 77, 490, 2436, எல்லாம் 7ஆல் வகுபடும். ஆறு கட்டத் தாள் வைத்திருந்த பிள்ளைகள் பாடுதான் பரிதாபம். வகுத்து வகுத்துப் பார்த்தார்கள்.

"அக்கா, எங்க பேப்பர்ல ஒண்ணுமே வரல. தப்பாப் போட்டுட்டோமா?"

"கணக்கு சரிதான். வரலேன்னா ஏன் வரலேன்னு எழுதிக் கொடுங்க."

அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். முப்பது எண்களில் 13 இரட்டைப்படை, 17 ஒற்றைப்படை, ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. இந்தத் தாளை நாங்கள் பத்திரப்படுத்தி, வரவிருந்த பேச்சாளருக்கு அனுப்பினோம்.

பேச்சாளர் கரும்பலகையில் முதலில் போட்டது மாணவர்களின் அட்டவணையைத்தான். மக்மஹோன் என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி இதையே 200 வரை கையால் போட்டார் என்றார். 200க்கு வரும் எண் 39,72,99,90,29,388. ஏறக்குறைய நான்கு லட்சம் கோடி. அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் இராமானுஜன் 5, 7, 11 என்ற மூன்று பகா எண்களுக்கான வகுபடும் பண்புகளைக் கண்டார். 1919இல் வெளியான கட்டுரை. அதாவது போன வாரம் குடியாத்தத்துப் பிள்ளை எதைப் பார்த்துக் கத்தினாளோ அதையேதான் அவரும் பார்த்தார். நிரூபித்தது அவருடைய மேதைமை. பார்ப்பது எல்லோராலும் முடிகிற காரியம். கூடத்தில் அந்த நிமிடம் ஏற்பட்ட நிமிர்வை நான் இதற்கு முன் எந்த உரையிலும் கண்டதில்லை.

அப்புறம், பின்னாளில் இயற்பியலாளராகப் பெயர் பெற்ற ஃப்ரீமன் டைசன். இருபது வயதில், கேம்பிரிட்ஜ் மாணவர் கணித மன்றத்தின் இதழில், 1944இல் அவர் ஒரு ஊகத்தை எழுதினார். ஒரு பிரிவினையில் உள்ள மிகப் பெரிய எண்ணிலிருந்து உறுப்புகளின் எண்ணிக்கையைக் கழி. 4இன் ஐந்து பிரிவினைகளுக்கும் இப்படி வருவது 3, 1, 0, −1, −3. இவற்றை 5ஆல் வகுத்தால் மீதிகள் 3, 1, 0, 4, 2. ஐந்து மீதியும் ஒவ்வொரு முறை. ஆக, 5ஆல் வகுபடுவது சும்மா நடக்கவில்லை. பிரிவினைகள் தாமாகவே ஐந்து சமக் கூட்டங்களாகப் பிரிகின்றன. ஊகத்தை 1954இல் அட்கினும் ஸ்வின்னர்ட்டன் டையரும் நிரூபித்தார்கள். 11க்கும் இது பலிக்குமா என்று பேச்சாளர் கேட்டுவிட்டு, 6இன் பதினொரு பிரிவினைகளை எழுதத் திரும்பினார். அவர் பாதி எழுதுவதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு பையன் சொல்லிவிட்டான்: "சார், வராது. 4+1+1க்கும் 1 வருது, 3+3க்கும் 1 வருது."

அவன் முந்தைய வாரமே 6இன் பிரிவினைகளை எழுதி வைத்திருந்தான், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கழித்துக்கொண்டே வந்திருக்கிறான். பேச்சாளர் சாக்பீஸை வைத்துவிட்டுச் சிரித்தார். 11க்கு வேறொரு அளவு தேவை, அதற்குப் பெயர் கிராங்க், அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதை டைசனே ஊகித்தார், கண்டுபிடிக்க 44 வருடம் ஆயிற்று, ஆண்ட்ரூஸும் கார்வனும் 1988இல் கண்டார்கள் என்று சொல்லி அதன் வரையறையை எழுதினார். பிரிவினையில் 1 இல்லையென்றால் மிகப் பெரிய உறுப்பே கிராங்க். 1 இருந்தால், அந்த ஒன்றுகளின் எண்ணிக்கையைவிடப் பெரிய உறுப்புகள் எத்தனை என்று எண்ணி, அதிலிருந்து ஒன்றுகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். பத்து நிமிடம் அமைதியாக எல்லோரும் கணக்குப் போட்டார்கள். 6, 0, 4, −1, 3, 1, −3, 2, −2, −4, −6. பதினொன்றால் வகுத்தால் பதினொரு மீதியும் ஒவ்வொரு முறை வருகிறது. படிப்பவர்கள் ஒரு முறை தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியில் அவர் ஆறு கட்டத் தாளை எடுத்தார். இதைப் போட்டவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். பயந்துகொண்டே நின்றார்கள். பிரிவினை எண்ணிக்கை எப்போது இரட்டைப்படை, எப்போது ஒற்றைப்படை என்பது இன்றுவரை பெரும்பாலும் தெரியாத விஷயம், இரண்டும் முடிவில்லாமல் வரும் என்பதைக் கோல்பெர்க் 1959இல் காட்டினார், பாதிக்குப் பாதி வரும் என்பது நம்பிக்கை மட்டும்தான், நிரூபணம் கிடையாது என்றார். ஒன்றும் வராத தாள்தான் இந்தக் கூடத்தில் உள்ள கடினமான தாள். இதைக் கேட்டபோது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்று கேள்வி நேரம் முடியாமல், பேச்சாளரை அவர் ரயிலுக்கு அனுப்புவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

பேச்சாளருக்குப் போகும் கடிதம்

இதற்குப் பின் அழைப்புக் கடிதத்தோடு இன்னொரு பக்கம் சேர்ந்து போகிறது. மாணவர்கள் என்ன கணக்கு போட்டிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். மூன்று வேண்டுகோளும் இருக்கும். முதல் இருபது நிமிடம் பி.எஸ்சி. மாணவருக்குப் புரிய வேண்டும். ஓர் எடுத்துக்காட்டையாவது கரும்பலகையில் முழுதாகப் போட வேண்டும். விடை தெரியாத ஒரு கேள்வியையாவது விட்டுச்செல்ல வேண்டும். பெரும்பாலோர் இதை மகிழ்ச்சியோடு ஏற்றார்கள். இப்படி யாரும் கேட்டதே இல்லை என்று ஒரு மூத்த பேராசிரியர் பதில் எழுதினார். ஸ்லைடு இல்லாமல் முடியாது என்று மறுத்தவரும் உண்டு. அவருடைய உரையை ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் வைத்தோம்.

கரும்பலகை என்று எழுதிவிட்டோமே தவிர, குளிரூட்டிய கூடத்தில் கரும்பலகை இல்லை. திரைக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, அதற்கும் மார்க்கர் காய்ந்திருக்கும். எனவே பழைய வகுப்பறைக்கே போனோம். சுவர் முழுவதும் பலகை, மேலே மின்விசிறி. மே மாதத்து வேலூர் வெயிலில் அங்கே உட்காருவது கஷ்டம்தான், ஆகவே கோடையில் உரை வைப்பதில்லை.

உரையின் நேரமும் காலை பதினொன்றுக்கு மாறியது. பிற்பகல் உரை என்றால் நாலரை மணி பஸ்ஸுக்காக ஆரணிப் பக்கத்துப் பெண்கள் பாதியில் எழுந்து போவார்கள். கேள்வி நேரத்தில் பெண்கள் பேசுவதில்லை என்று பல வருடமாக ஒரு பேச்சு துறையில் இருந்தது. அவர்கள் அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் இருந்தார்கள். நேரம் மாறியதும் அதிகம் கேட்டது அவர்கள்தான்.

தொடக்க விழாவில் மிஞ்சியது தமிழ்த்தாய் வாழ்த்தும் ஒரு சிறு அறிமுகமும். விளக்கும் பொன்னாடையும் போனதில் சில மூத்தவர்களுக்கு மனத்தாங்கல் இருந்தது. விருந்தினரை மதிக்காமல் விடுவதா என்றார்கள். அவர் பேசுவதைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்பதைவிட விருந்தினருக்கு வேறென்ன மரியாதை வேண்டும் என்பது என் எண்ணம்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பயிலரங்கு தமிழில் நடக்கும். கணிதச் சொற்கள் ஆங்கிலத்திலும் இருக்கும், தமிழிலும் இருக்கும், யார் எதைச் சொன்னாலும் சரி. உரை எந்த மொழியில் இருந்தாலும் கேள்வியைத் தமிழில் கேட்கலாம், தேவைப்பட்டால் ஆசிரியர் ஒருவர் மொழிபெயர்ப்பார். இதை முதலிலேயே அறிவித்துவிடுவது முக்கியம். அறிவிக்காமல் விட்டால், கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்திலேயே நேரம் போய்விடும்.

சான்றிதழைப் பதிவுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். கணக்குத் தாளைப் போட்டுக் கொடுத்தவருக்குத்தான் சான்றிதழ், அது ஆசிரியராக இருந்தாலும். வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர் கூட்டம் இதனால் குறைந்தது. வந்தவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஒரு கல்லூரி ஆசிரியை தன் மாணவியோடு ஒரே மேசையில் அமர்ந்து 10இன் 42 பிரிவினைகளையும் எழுதினார். அடுத்த பருவத்தில் அவர் கல்லூரியிலேயே அந்தத் தாளை நடத்தினார்.

கோட்டுருப் பயிலரங்கும் ஒரு கவலையும்

அடுத்த பொருள் கோட்டுருக்களுக்கு, அதாவது முனைகளை விளிம்புகளால் இணைத்து வரையும் படங்களுக்கு, எண் சூட்டுவது. சுற்று இல்லாமல் இணைந்திருக்கும் கோட்டுருவுக்கு மரம் என்று பெயர். n விளிம்புகள் உள்ள மரத்தின் முனைகளுக்கு 0 முதல் n வரை வெவ்வேறு எண்களைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு விளிம்பின் இரு முனை எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால், 1 முதல் n வரை ஒவ்வொன்றும் ஒரு முறை வர வேண்டும். எல்லா மரங்களுக்கும் இது முடியும் என்பது 1960களிலிருந்து நிற்கும் ஊகம். பிள்ளைகள் இதில் விளையாட்டுப் போல இறங்கினார்கள். சுற்றுகளுக்கு வந்தபோது நான்கு முனைச் சுற்று அமைந்தது: 0, 4, 1, 2. ஐந்துக்கு என்ன செய்தும் அமையவில்லை. ஏன் என்று ஒரு மாணவி கண்டுபிடித்தார். சுற்றை ஒரு முறை வந்தால் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து பூச்சியம், ஆகவே வித்தியாசங்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாகத்தான் இருக்கும்; ஆனால் 1+2+3+4+5 = 15. முடியவே முடியாது. ஆறுக்கு 21, அதுவும் முடியாது. ஒரு காரியம் நடக்காது என்று முழுமையாக நிரூபித்த முதல் அனுபவம் அவருக்கு அது.

ஆனால் அன்று சாயங்காலமே ஒருவர், விதியைக் கொஞ்சம் மாற்றிப் புதிய பெயர் வைத்து ஏணி, விசிறி, சக்கரம் என்று நாலு கோட்டுருக்களுக்குப் போட்டால் ஒரு கட்டுரை தேறுமே என்றார். எங்கள் பக்கத்தில் இப்படிப் பிறக்கும் கட்டுரைகள் ஏராளம். பணம் கட்டினால் போடும் இதழ்களும் ஏராளம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். கோட்டுருவியல் ஆழமான துறை, தமிழ்நாட்டில் அதில் நல்ல வேலை நடந்திருக்கிறது. எளிதாகத் தொடங்கலாம் என்ற அதன் நல்ல குணத்தையே எளிதாக முடித்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வு மாணவருக்கு ஃபெலோஷிப் முடியும் தேதி தலைக்கு மேல் நிற்கிறது, பிஎச்.டி.க்கு வெளியீடு கேட்கிறார்கள். அவரைத் திட்டிப் பயனில்லை. பயிலரங்கில் ஒரு வழக்கத்தை மட்டும் கொண்டுவந்தோம்: புதிய வரையறை சொல்பவர், அது ஏற்கெனவே இருக்கும் எந்தக் கேள்விக்கு உதவுகிறது என்று பலகையில் எழுத வேண்டும். எழுத முடியாதபோது பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அறைக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது எங்கள் கையில் இல்லை.

தண்டரைக்காரரின் தேற்றம்

மூன்றாவது முயற்சியில் ஆசை மிஞ்சிவிட்டது என்று சொல்வேன். எம்.எஸ். நரசிம்மன் 1932இல் தண்டரையில் பிறந்தவர், வட ஆர்க்காட்டுக் குடும்பம். சென்னை லயோலா கல்லூரியில் பாதிரியார் ரசீனிடம் படித்தார். பிரான்சிலிருந்து வந்த இந்த ஜெசூட் பாதிரியார், பாரீஸின் புதிய கணிதத்தை நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தியவர். அங்கிருந்து நரசிம்மன் 1953இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். அவர் பிறந்த அதே 1932இல் காஞ்சிபுரத்தில் பிறந்து, அதே லயோலாவில் படித்து, அதே டாட்டா நிறுவனத்துக்குப் போனவர் சி.எஸ். சேஷாத்ரி. இருவரும் சேர்ந்து 1965இல் வெளியிட்ட தேற்றம் இன்று வடிவியலிலும் கோட்பாட்டு இயற்பியலிலும் அடிப்படையாக இருக்கிறது. சேஷாத்ரி 2020இலும் நரசிம்மன் 2021இலும் காலமானார்கள். நம் மாவட்டத்துக்காரரின் தேற்றத்தை நம் பிள்ளைகள் கேட்க வேண்டாமா என்று ஓர் உரைக்கு ஏற்பாடு செய்தோம்.

பயிலரங்கில் காகிதப் பட்டைகளை ஒட்டினார்கள். முறுக்காமல் ஒட்டினால் வளையம், ஒரு முறுக்கோடு (அரைச் சுற்று) ஒட்டினால் மோபியஸ் பட்டை. முறுக்குகளைக் கூட்டிக்கொண்டே போய், ஒற்றைப்படை என்றால் ஓரம் ஒன்று, இரட்டைப்படை என்றால் ஓரம் இரண்டு என்று கண்டார்கள். ஒரு வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கோட்டை நட்டு வைப்பது, அதாவது 'கற்றை', என்ற எண்ணம் அதிலிருந்து வந்தது. உரையின் முதல் பாதியை இது தாங்கியது. வட்டம் போய், சிக்கலெண்களைக் கொண்டு அமையும் ரீமான் பரப்பு வந்து, 'நிலையான' கற்றைகள் என்ற சொல் வந்ததும் கூடம் அமைதியாகிவிட்டது. முன்பெல்லாம் இருக்கும் அதே அமைதி.

ஒரு நாள் பயிலரங்கால் சில பொருள்களுக்கு வழி போட முடியாது. சிக்கலெண் பகுப்பாய்வில் முதுகலைப் பாடத்திட்டம் நிறுத்தும் இடத்துக்கும் இந்தத் தேற்றம் தொடங்கும் இடத்துக்கும் இடையே ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. எல்லா உரையையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தை அதோடு விட்டுவிட்டோம். ஆனால் அந்த உரையைக் கேட்ட முதலாமாண்டு மாணவர்களில் நால்வர் ஒரு வாசிப்புக் குழு தொடங்கி, ஆய்வு மாணவர் ஒருவரோடு ரீமான் பரப்புகளைப் படித்து வருகிறார்கள். சனிக்கிழமை காலையில் கூடுகிறார்கள். தண்டரை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே மேப்பில் தேடியிருக்கிறார்கள்.

இப்போதைய நிலை

செலவு பெரிதில்லை. தாள், டீ, பேச்சாளரின் ரயில் கட்டணம், மதியச் சாப்பாடு. பெரிய நிகழ்ச்சிகளுக்குத் தேசிய உயர் கணித வாரியத்திடமும் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்திடமும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பயிலரங்குக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை.

பெரிய செலவு ஆய்வு மாணவர்களின் நேரம். ஒரு நாள் பயிலரங்குக்கான கணக்குத் தாளைத் தயாரிக்க அவர்களுக்குப் பல வாரம் ஆகிறது. எது எளிது, எது கடினம், எங்கே மாணவர் மாட்டிக்கொள்வார் என்று போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த உழைப்புக்கு அவர்களின் ஆண்டு அறிக்கையில் ஒரு வரி இடம்கூடக் கிடையாது. கருத்தரங்கில் கட்டுரை வாசித்ததற்கு உண்டு. வழிநடத்தும் பேராசிரியர்களில் சிலர், இதெல்லாம் ஆய்வைக் கெடுக்கும் என்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணனைப் பற்றி. சென்னையில் தன் வீட்டு மாடியில் மாணவர்களை வைத்து அவர் நடத்திய கருத்தரங்கை 1960இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் நீல்ஸ் போர் வந்து பார்த்துப் பாராட்டினார். 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனம் உருவானது அந்தக் கருத்தரங்கிலிருந்துதான். அங்கே படிப்பதும் சொல்லிக்கொடுப்பதும் ஆய்வும் ஒரே மேசையில் நடந்தன.

எம்.டி.டி.எஸ். படித்த அந்த ஆய்வு மாணவி அடுத்த ஆண்டு முடித்துவிட்டுப் போகிறார். அவர் செய்ததை அப்படியே செய்ய இன்னொருவர் இல்லை. அதற்காக, தாள்களோடு ஒரு குறிப்பேட்டையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறோம்: எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்தத் தவறு வரும், விதியை எப்போது பலகையில் எழுதலாம். தமிழில்தான் எழுதுகிறார். பிரிவினைக்கானது முடிந்து துறை நூலகத்தில் இருக்கிறது. ஆரணியிலிருந்தும் வாலாஜாவிலிருந்தும் இரண்டு ஆசிரியர்கள் நகல் எடுத்துப் போயிருக்கிறார்கள். ஓர் எண்ணைப் பின்னத்துக்குள் பின்னமாக எழுதிக்கொண்டே போகும் தொடர் பின்னங்களுக்கானது பாதியில் நிற்கிறது. √2க்குப் பின் எதை எடுப்பது என்பதில் குழுவுக்குள் இன்னும் முடிவாகவில்லை. √7 எடுத்தால் நல்லது என்பது என் பக்கம். அதன் சுழற்சி நான்கு எண்ணில் முடிந்துவிடும், காலை டீக்குள் கையால் கண்டுபிடித்துவிடலாம்.